சிறகுள்ளதும் வேருள்ளதும்



மலைப்பொழிவில் நம் ஆண்டவர் வானத்துப் பறவைகளை நோக்கி நீட்டிய கையை மடக்குமுன்னரே வயல்வெளி மலர்களையும் சுட்டிக்காட்டி விடுகிறார். மத்தேயு நற்செய்தி ஆறாம் அதிகாரத்தில் இவ்விரண்டும் அக்காளும் தங்கையும் போல அடுத்தடுத்து நிற்கின்றன. லூக்கா நற்செய்தி பன்னிரண்டாம் அதிகாரத்திலும் அவ்வாறே. பறவைகள் என்று பொதுவாகக் கூறாமல் காகங்கள் என்று பெயர் குறிப்பிடுவதுதான் அங்கே வேறுபாடு. இப்பகுதியை வைத்து நாம் குருவான நாள் முதல் எத்தனையோ முறை பிரசங்கம் செய்திருக்கிறோம். ஒவ்வொரு முறையும் பறவையும் மலரும் ஒரே பாடத்தை இருமுறை ஒப்புவிப்பதாகவே எண்ணிக் கடந்து வந்தோம். அவற்றை உண்மையாகவே அருகருகே வைத்துப் பார்க்கும் வாய்ப்பு இவ்வாண்டுத் தியானத்தின்போதுதான் கிடைத்தது. நம்மை அவ்வாறு பார்க்கச் செய்தது ஓர் அம்மையாரின் கேள்வி. ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறோம். அவர் அனுமதி பெற்றே இதனை எழுதுகிறோம்.

நம் பங்கில் ஐம்பது வயதை எட்டும் அம்மையார் அவர். மூன்று சகோதரர்களுக்கு ஒரே சகோதரி. தந்தையார் இளமையிலேயே காலமானார். தாயார் அரும்பாடுபட்டுப் பிள்ளைகளைப் படிக்க வைத்தார். மூத்தவர் வளைகுடா நாட்டுக்கும், அடுத்தவர் கனடாவுக்கும், இளையவர் பெங்களூருக்கும் போய்க் குடியமர்ந்தனர். தாயார் பக்கவாதத்தால் விழுந்தபோது இவர் ஒரு பள்ளியில் தையல் ஆசிரியையாக இருந்தார். வேலையை விட்டார். பதினான்கு ஆண்டுகள் தாயாரைப் படுக்கையில் வைத்துப் பேணினார். திருமணப் பேச்சு ஒன்று வந்தது. மாப்பிள்ளை வீட்டார் கட்டிலைப் பார்த்ததும் நின்றது. பிறகு எதுவும் வரவில்லை. மாதந்தோறும் முதல் வெள்ளியன்று நற்கருணை கொண்டுசெல்லும் போதெல்லாம் அந்த அறையில் வெளுத்த துணியின் மணம் தவிர வேறு வாடையை நாம் உணர்ந்ததில்லை. நோயாளிகளைச் சந்திக்கச் செல்லும் பழக்கமுள்ளோர்க்கு இதன் பொருள் விளங்கும்.

இவ்வாண்டு தாயார் இறைவனடி சேர்ந்தார். மூன்று புதல்வர்களும் வந்திறங்கினர். அடக்கத் திருப்பலி குறைவின்றி நடந்தது. ஏழாம் நாள் பூசை முடிந்ததும் புறப்பட்டுவிட்டனர். முப்பதாம் நாள் பூசை முடிந்த மாலையில் அம்மையார் தனியே பங்கு இல்லத்துக்கு வந்தார். திண்ணையில் அமர்ந்து நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்பு, "சுவாமி, அண்ணன் தம்பிமாருக்கு ஆண்டவர் சிறகு கொடுத்தார். எனக்கு வேரைக் கொடுத்தார். ஏன் என்று மட்டும் சொல்லுங்கள்" என்றார்.

நாம் சிலுவையைப் பற்றியும் தேவ சித்தத்தைப் பற்றியும் சில வார்த்தைகள் கூறினோம். படிக்கத் தெரியாதவர் மருந்துச் சீட்டை மடித்து முந்தானையில் முடிந்து கொள்வதுபோல அவற்றை வாங்கிக்கொண்டு, நன்றி கூறிப் போய்விட்டார். நமக்குத்தான் அன்றிரவு உறக்கம் வரவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஆண்டுத் தியானத்திற்காகக் கொடைக்கானல் சென்றோம். தியான இல்லத்தில் தாவரவியல் கற்பித்து ஓய்வு பெற்ற முதிய குரு ஒருவர் தங்கியிருந்தார். எண்பதைக் கடந்தவர். சட்டைப் பையில் ஜெபமாலையும் உருப்பெருக்கிக் கண்ணாடியும் சேர்ந்தே கிடக்கும். தியானத்தில் மௌனம் காக்க வேண்டும் என்பது சட்டம். விடியற்காலை நடைக்கு அச்சட்டம் செல்லாது என்பது அவருடைய சொந்த வியாக்கியானம்.

"தம்பி, நாளை ஐந்தரை மணிக்கு வந்தால் உமக்கு ஒருவரை அறிமுகம் செய்து வைப்பேன்" என்றார்.

மறுநாள் மூடுபனியில் ஒரு சோலையின் ஓரத்தில் போய் நின்றோம். சோலை என்பது மலையுச்சிப் புல்வெளிகளுக்கு இடையே, நீர் கசியும் மடிப்புகளில், அடர்ந்து குட்டையாய் வளர்ந்திருக்கும் பசுங்காடு. மரங்களின் தண்டெங்கும் பாசியும் பெரணியும் படர்ந்திருக்கும். உலகத் தாவரவியலாருக்கு இவ்வகைக் காட்டைக் குறிக்க வேறு சொல் கிடைக்கவில்லை. நம் தமிழ்ச் சொல்லையே எடுத்துக்கொண்டனர். சோலையின் இருட்டிலிருந்து மெல்லிய சீழ்க்கை ஒலி வந்தது. சற்றுநேரத்தில் சிட்டுக்குருவியின் அளவுள்ள ஒரு பறவை பாதையில் தத்தி வந்து, நீண்ட கால்களில் நிமிர்ந்து நின்று, நம்மைப் பார்த்து ஒருமுறை தாழ்ந்து எழுந்தது. மேலெல்லாம் கருநீலம், நெற்றியில் வெளிர் கீற்று, வயிறு வெண்மை. காய்ந்த இலையொன்றைப் புரட்டி ஏதோ பூச்சியைக் கொத்திக்கொண்டு மீண்டும் இருளுக்குள் மறைந்தது.

அதன் பெயர் சோலைக்கிளி. கிளி என்றதும் பச்சைக்கிளியை எண்ண வேண்டாம். மலையாளத்தில் கிளி என்பது எல்லாச் சிறு பறவைக்கும் பொதுப்பெயர். 1868-ஆம் ஆண்டு பிளான்ஃபோர்டு என்ற ஆங்கிலேய அறிஞர் இதனை முதன்முதலாக அறிவியல் உலகுக்கு விவரித்தார். அதற்குப்பின் ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகள் இது எந்தக் குலத்தைச் சேர்ந்தது என்று முடிவாகாமல், வாடகை வீடு மாறுவதுபோல் பெயர் மாறிக்கொண்டே இருந்தது. இந்திய ஆய்வாளர்களும் பிறரும் மரபணுக்களைச் சோதித்து 2017-இல்தான் இதற்கென்று தனிப் பேரினம் வகுத்து 'ஷோலிகோலா' என்று பெயரிட்டனர். 'ஷோலிகோலா ஆல்பிவென்ட்ரிஸ்' என்பது முழுப்பெயர். 'அக்ரிகோலா' என்றால் உழவன் என்று சிறு குருமடத்தில் பிரம்படியோடு கற்ற இலத்தீன் இதற்காவது பயன்பட்டது: 'கோலா' என்றால் குடியிருப்பவன். சோலையில் குடியிருப்பது, வெண்வயிறு உடையது. பாதிப் பெயர் தமிழ், பாதி இலத்தீன். ஒரு தமிழ்க் கத்தோலிக்கக் குருவுக்கு இதைவிட உவப்பான பெயர் உண்டோ!

பெயரில் வேடிக்கை இருக்கலாம், வாழ்வில் இல்லை. சிறகிருந்தும் இப்பறவை சோலையை விட்டு நீங்குவதில்லை என்றார் முதியவர். பழனிமலை, ஆனைமலை முதலிய உயர்ந்த மலைத்தொகுதிகளே இதற்கு உலகம். வேறு எந்த நாட்டிலும் இல்லை. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே நீலகிரியில் வாழ்வது இதற்கு நெருங்கிய உறவாயினும் வேறு இனம். தெற்கே செங்கோட்டைக் கணவாயைக் கடந்தால் அகத்திய மலைப்பகுதியில் இருப்பதும் வேறு. பாலக்காட்டுக் கணவாயின் அகலம் முப்பது, நாற்பது கிலோமீட்டருக்குள் அடங்கும். கோயம்புத்தூரிலிருந்து கேரளம் செல்லும் ரயிலும் அதன் வழியேதான் போகிறது. ஆயினும் அந்தத் தாழ்ந்த, வெப்பமான சமவெளி இப்பறவைக்குச் செங்கடல். பல இலட்சம் ஆண்டுகளாக இக்கரைப் பறவை அக்கரைக்குப் போய்க் குடியேறியதில்லை என்று மரபணுக்கள் கூறுகின்றனவாம். பாட்டும்கூட இரு கரையிலும் வெவ்வேறு.

மரப்பொந்திலோ மண்மேட்டு ஓட்டையிலோ பாசியும் சிறுவேர்களும் பரப்பிக் கூடு அமைத்து, பெரும்பாலும் இரண்டே முட்டையிடும். சிறகு இருப்பது எங்கும் போவதற்கே என்று நினைக்கிறவர்கள் இதனை ஒருமுறை காண வேண்டும்.

பறவை மறைந்தபின் முதியவர் பாதையோரத்து ஈரமான மண்மேட்டின் முன் முழந்தாளிட்டார். காலை ஜெபத்துக்குத்தான் முழந்தாளிடுகிறார் என்று நினைத்து நாமும் முழந்தாளிட்டோம். அவரோ உருப்பெருக்கியை எடுத்தார். "இப்பொழுது மற்றவரைப் பாரும்" என்றார்.

இதய வடிவான இலைகள், விளிம்பில் சிறு பற்கள். அவற்றினிடையே ஒரு காசளவுகூட இல்லாத ஒரு பூ தலை கவிழ்ந்து நின்றது. வெளிறிய ஊதா நிறம். கீழிதழில் கருமையான கோடுகள். பின்புறம் தேன் சேரும் சிறு கொம்பு. இதுதான் காட்டு வயலட். 'வயோலா பிலோசா' என்பது அறிவியல் பெயர். மென்மயிர் உடையது என்று பொருள். திருவருகைக் காலத்திலும் தவக்காலத்திலும் குருக்கள் அணியும் திருவுடையின் நிறத்துக்கு இலத்தீன் மொழியில் பெயர் தந்தது இப்பூவின் குலமே. இக்குலத்து ஐரோப்பிய இனமொன்றின் உலர்ந்த பூக்களையே யூனானி வைத்தியர்கள் பனப்சா என்று இருமலுக்குக் கொடுக்கிறார்கள். மேலைநாட்டார் இதனை அன்னை மரியாளின் தாழ்ச்சிக்கு அடையாளமாகக் கொண்டனர். ஜெர்மன் நாட்டுக் கொலோன் நகரில், பதினைந்தாம் நூற்றாண்டில் ஸ்டெஃபான் லோக்னர் தீட்டிய படமொன்று உண்டு. அதில் தேவதாய் ஒரு கையில் திருக்குழந்தையையும் மறு கையில் ஒற்றை வயலட் பூவையும் ஏந்தியிருக்கிறார்கள். ரோசாவும் லீலியும் உள்ள இறைவனின் தோட்டத்தில் வயலட்டுக்கும் இடமுண்டு என்று சிறுமலர் தெரேசாள் தம் வரலாற்றில் எழுதியிருப்பது நம்மில் பலருக்குத் தெரியும். அப்பூவை நேரில் கண்டது நமக்கு அன்றுதான்.

"அழகாயிருக்கிறது" என்றோம்.

"அது விளம்பரப் பலகை. கடையை இன்னும் பார்க்கவில்லையே" என்று கூறி, இலைகளை விரலால் விலக்கினார். மண்ணையொட்டி, பச்சை நிறத்தில், மொட்டுப் போன்ற சிலவற்றைக் காட்டினார். அவை விரியப்போகும் மொட்டுகள் என்று நாம் எண்ணினோம். அவை விரியவே மாட்டா.

வயலட் குலத்துச் செடிகள் பலவற்றில் இரண்டு வகைப் பூக்கள் தோன்றுகின்றன. ஒரு பருவத்தில் இதழ் விரித்து, வண்டுகளை அழைத்து நிற்பவை. பிறகு, நிழல் அடர்ந்து வண்டு வராத காலத்தில், மூடியே கிடப்பவை. அவற்றுக்கு நிறமில்லை, மணமில்லை, தேனில்லை. மூடிய அறைக்குள்ளேயே தன் மகரந்தத்தால் தானே கருவுற்று விதையாகின்றன. இதற்கு அறிவியலார் இட்ட கிரேக்கப் பெயரின் பொருள் 'மூடிய திருமணம்' என்பதாகும். நாம் வியந்தது அடுத்த செய்தியைக் கேட்டுத்தான். பல வயலட் இனங்களில் செடி தரும் விதைகளில் பெரும்பங்கு பார்வைக்கு வரும் அழகிய பூவிலிருந்து வருவதில்லை. இந்த மூடிய பூக்களிலிருந்தே வருகின்றன. படம் பிடிக்கிறவர்களும் பாட்டு எழுதுகிறவர்களும் இவற்றை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

விதையின் கதை இன்னும் விந்தை. அதன் ஒரு முனையில் எண்ணெய்ப்பசையுள்ள சிறு தசை இருக்கிறது. எறும்புக்கு அது விருந்து. விதையோடு புற்றுக்கு இழுத்துச் சென்று, தசையைத் தின்றுவிட்டு, விதையைக் குப்பையில் போட்டுவிடும். எறும்பின் குப்பைமேடு நல்ல எரு. அங்கே விதை முளைக்கிறது. ஒரு தலைமுறையில் இச்செடி பயணம் செய்யும் தூரம் சில அடிகள்.

"இப்போது ஒரு கேள்வி" என்றார் முதியவர், வகுப்பில் கேட்பவர் போல. "இவ்விருவரில் யார் உலகம் சுற்றியவர்?"

பறவை என்று சொல்லத் துணிவில்லை. பூ என்று சொல்லவும் கூசியது. நம் மௌனத்தை அவர் பெரிதும் சுவைத்தார். எறும்பின் வாயில் பயணம் செய்யும் இதே வயலட் இனம் இமயத்தின் சாரலிலும் வளர்கிறது. இலங்கையின் மலைகளிலும் வளர்கிறது. கிழக்கே ஜாவாத் தீவு வரையிலும் போயிருக்கிறது. புளூமே என்ற அறிஞர் இதற்குப் பெயரிட்டதே ஜாவாவில் கண்ட செடியை வைத்துத்தான். உலகெங்கும் கடுங்குளிர் நிலவிய பழங்காலங்களில் மலைச்செடிகள் தாழ்ந்த நிலங்களிலும் பரவியிருந்தன. வெப்பம் மீண்டபோது மேடுகளில் ஒதுங்கிக்கொண்டன என்பது அறிஞர் பலரின் விளக்கம். அடிக்கணக்கில் நடந்து ஆயிரமாயிரம் கல் போயிருக்கிறது வேருள்ளது. முப்பது கல்லைத் தாண்டாமல் இருந்துவிட்டது சிறகுள்ளது.

நமக்கு நம் பங்கு அம்மையாரின் நினைவு வந்தது. கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்தோம். தியானக் குறிப்பேட்டில் இரண்டு பக்கம் எழுதியும் வைத்தோம்.

இங்கே சற்று நின்று ஒரு செய்தியைச் சொல்லிவிட வேண்டும். இம்மலையின் உயிர்களைப் பேணி எழுதி வைத்தவர்களில் நம் குருக்கள் பலர் உண்டு என்பதை நம் குடும்பங்கள் அறிந்திருப்பது நல்லது. செண்பகனூரில் சேசு சபையார் 1895-இல் தொடங்கிய திரு இருதயக் கல்லூரியிலிருந்து லூயி ஆங்கலாத் சுவாமிகள் பழனிமலைச் செடிகளை ஏராளமான வண்ணச் சித்திரங்களாகத் தீட்டினார். திருச்சி தூய வளனார் கல்லூரியில் 1967-இல் ராப்பினாட் உலர்தாவரக் காப்பகத்தை நிறுவிய கே. எம். மாத்யூ சுவாமிகள், ஆண்டுக்கணக்காக மலையேறி இறங்கி, 1999-இல் பழனிமலைத் தாவரங்கள் முழுமைக்கும் நூல் வெளியிட்டார். 2004-இல் அவர் மறைந்தார். இம்மலையின் வயலட் இலையையே தின்று வளரும் புழுவொன்று உண்டு. அது செம்மஞ்சள் நிறத்தில் கரும்புள்ளிகளுள்ள வண்ணத்துப்பூச்சியாகிறது. அதன் அறிவியல் பெயரில் காஸ்தே என்ற சேசு சபைக் குருவின் பெயர் வாழ்கிறது. நம் பிரிந்த சகோதரர்களையும் விட்டுவிடலாகாது: இம்மலையில் வாழும் சிரிப்பான் பறவையின் பெயர் ஃபேர்பேங்க் என்னும் அமெரிக்க மிஷனரியை நினைவூட்டுகிறது. மறைப்பணியாளர் குருவிக்கும் புழுவுக்கும் நேரம் ஒதுக்கியது வீண் என்று அக்காலத்திலும் சிலர் முணுமுணுத்திருப்பர். இக்காலத்தில் அவ்வாறு முணுமுணுப்போர்க்குத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சி' மடலைக் காட்டலாம். நம் பொருட்டு அழிந்துபோகும் ஒவ்வோர் இனமும் இறைவனுக்குத் தன் இருப்பாலேயே செலுத்தி வந்த மகிமை நின்றுபோகிறது என்று அதில் அவர் வருந்துகிறார்.

தியானம் முடியும் நாளில் முதியவரிடம் விடைபெறச் சென்றபோது, அம்மையாரைப் பற்றிப் பெயர் சொல்லாமல் கூறி, வயலட் பூவை உவமையாகச் சொல்லப் போவதாகவும் தெரிவித்தோம். அவர் அதனைப் புகழ்வார் என்று எதிர்பார்த்தோம். அவர் நம்மைச் சன்னல் அருகே அழைத்துச் சென்று எதிர்மலையைக் காட்டினார். மலை முழுதும் பசுமை. "எல்லாம் வாட்டில், பைன், தைலமரம்" என்றார். "வெளிநாட்டு மரங்கள். வெள்ளைக்காரன் கொண்டுவந்தான், பிறகு தோல் பதனிடும் பட்டைக்கும் காகிதக் கூழுக்கும் நம்மவர்களே மலைமலையாக நட்டார்கள். பார்க்கக் காடு போலத்தான் இருக்கும்."

1973 முதல் 2014 வரையிலான செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு ஆய்வாளர்கள் கண்டது இது: இக்காலத்துக்குள் பழனிமலையின் மேட்டுப் புல்வெளிகளில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டது, சோலைக்காடுகளிலும் மூன்றில் ஒரு பங்குக்கு நெருங்கிய அளவு போய்விட்டது. சோலைக்கிளியை அழியும் ஆபத்துக்குள்ளான உயிர்களின் பன்னாட்டுப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். பாதையோர மண்மேடு இருந்தால் வயலட் பிழைத்துக்கொள்ளும்; இங்கே அழிந்தாலும் இமயத்தில் இருக்கும். சோலை போனால் சோலைக்கிளிக்கு வேறு இடம் கிடையாது. "நீர் உவமை சொல்லும் முன்பு அந்த அம்மா இருவரில் யார் என்று விசாரித்துக்கொள்ளும்" என்று மட்டும் சொல்லி அனுப்பினார். அதன் பொருள் அப்பொழுது நமக்கு விளங்கவில்லை.

ஊர் திரும்பியதும் அம்மையார் வீட்டுக்குச் சென்றோம். தாயாரின் கட்டில் இருந்த அறை வெறுமையாயிருந்தது. குறிப்பேட்டிலிருந்த இரண்டு பக்கத்தையும் நாம் விளக்கமாகக் கூறினோம். மூடிய பூவைப் பற்றியும், பார்ப்பார் இல்லாமல் அது தரும் விதைகளைப் பற்றியும், வேரோடு நின்றே ஜாவா வரை போனதைப் பற்றியும் சொன்னோம். அவர் கண்ணீர் விட்டார். நம் சொற்கள் மனத்தைத் தொட்டன என்று நாம் எண்ணினோம்.

பின்பு அவர், "சுவாமி, அந்தக் குருவியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லுங்கள்" என்றார்.

சொன்னோம். கணவாயைக் கடக்காததையும், சோலை வெட்டப்பட்டால் அதற்குப் போக்கிடம் இல்லாததையும் சொன்னோம்.

"அப்படியானால் நான் பூ இல்லை, சுவாமி. நான் அந்தக் குருவி" என்றார்.

அதன்பிறகே செய்தி வெளிவந்தது. ஏழாம் நாள் பூசைக்கு முன்தினம் இரவு சகோதரர்கள் மூவரும் கூடி வீட்டை விற்றுவிடுவதென்று முடிவு செய்திருக்கிறார்கள். தரகர் இருமுறை ஆள் கூட்டி வந்து அளந்து பார்த்துவிட்டார். "உனக்கும் ஒரு பங்கு உண்டு, எங்களில் யாரோடு வேண்டுமானாலும் வந்து இருந்துகொள்" என்று கூறியிருக்கிறார்கள். அவர்கள் கெட்டவர்கள் அல்லர். மாதந்தோறும் பணம் அனுப்பியவர்கள்தாம். அவர்கள் சொன்னது சட்டப்படியும் சரியே: உயில் எழுதாமல் இறந்த கிறிஸ்தவத் தாயின் சொத்தில், கணவரும் இல்லாதபோது, ஆண் பெண் என்ற வேறுபாடின்றிப் பிள்ளைகள் எல்லார்க்கும் சமபங்கு என்பது 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம். ஆனால் நான்கில் ஒரு பங்குப் பணத்தில் இக்காலத்தில் ஒரு சமையலறை வாங்கலாம். வீடு வாங்க முடியாது. ஐம்பது வயதில், அண்ணி வீட்டுக் கூடத்தில் பெட்டியை வைத்துக்கொண்டு, யார் எழுந்தபின் காப்பி குடிப்பது என்று காத்திருப்பது எவ்வளவு துயரம் என்பதைச் சிறகுள்ளவர்கள் நினைத்துப் பார்ப்பதில்லை.

திண்ணையில் அவர் கேட்ட கேள்விக்குள் இதுவே அடங்கியிருந்தது. நாமோ அதனை ஞானக் கேள்வி என்று எடுத்துக்கொண்டு மலைக்குப் போய்த் திரும்பியிருக்கிறோம். முதல் நாளே, "அம்மா, வீடு என்ன ஆயிற்று?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பங்குக் குருக்களுக்கு உவமை தேடும் அவசரத்தில் இத்தகைய கேள்விகள் தவறிப்போவதுண்டு.

"அந்தச் சோலை இன்னும் இருக்கிறதா, சுவாமி?" என்று கேட்டார்.

"இருக்கிறது" என்றோம்.

அன்றிரவே மூன்று சகோதரர்களுக்கும் தனித்தனியே கடிதம் எழுதினோம். உவமை ஒன்றும் சேர்க்கவில்லை. தாயாருக்குச் சம்பளம் பேசி ஓர் ஆளை வைத்திருந்தால் பதினான்கு ஆண்டில் என்ன செலவாகியிருக்கும் என்று தோராயமாகக் கணக்குப் போட்டு எழுதினோம். அத்தொகை அந்த வீட்டின் விலைக்கு அதிகம் குறைந்ததன்று. அம்மையாரின் ஆயுட்காலம் வரையேனும் வீட்டை விற்காமல் வைப்பது, அல்லது தம் பங்குகளை விடுதலைப் பத்திரம் எழுதி அவருக்கே கொடுத்துவிடுவது என்று இரு வழிகளைக் குறிப்பிட்டோம். பத்திரம் என்றால் முறைப்படி பதிவு செய்ய வேண்டும், வாய்ச்சொல் போதாது என்பதையும் சேர்த்தோம். ஏனெனில் இன்றைய நல்ல மனத்துக்கு அடுத்த தலைமுறை கட்டுப்பட வேண்டுமென்பதில்லை.

கனடாவிலிருப்பவர் தொலைபேசியில் அழைத்தார். நெடுநேரம் பேசவில்லை, தமக்கு இது தோன்றவேயில்லை என்றார், பத்திரத்துக்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். இளையவர், மனைவியோடு கலந்து கிறிஸ்துமஸ் விடுமுறையில் வந்து பேசுவதாக எழுதியிருக்கிறார். அம்மையார் இதற்கிடையில் தையல் இயந்திரத்தை வெறுமையாய்க் கிடந்த அறைக்குக் கொண்டுவந்து போட்டு, பங்குப் பிள்ளைகள் நால்வருக்குச் சட்டை வெட்டக் கற்றுக்கொடுக்கத் தொடங்கியிருக்கிறார். தரகர் சென்ற வாரமும் வந்தாராம்.

மூத்தவரிடமிருந்து இவ்விதழ் அச்சுக்குப் போகும் நாள்வரை பதிலில்லை. மீண்டும் எழுதியிருக்கிறோம்.